ஆணையையே காட்டாத தணிக்கை: சமூக ஊடகமும் ஒன்றிய அரசும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1950 மார்ச் 1ஆம் நாள் சென்னை மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இடதுசாரி ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்திற்குள் நுழையவோ விற்கப்படவோ கூடாது என்பது அந்த ஆணை. சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. மாநிலத்தில் கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. தாப்பர் நேராக உச்சநீதிமன்றம் சென்றார். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கே மாதங்களில், 1950 மே 26 அன்று, அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கருத்துச் சுதந்திரத்தில் கருத்தைப் பரப்பும் சுதந்திரமும் அடங்கும் என்பதை இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் உறுதிப்படுத்திக் கொடுத்தது, ஒரு கம்யூனிஸ்ட் ஆதரவு இதழின் மீது போடப்பட்ட தடைதான். தாப்பர் வென்றதற்குப் பதிலாக நேரு அரசு அடுத்த ஆண்டே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தை 19(2) பிரிவில் சேர்த்துக்கொண்டது என்பதும் வரலாறு.

இதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு வழக்கும் உண்டு. சென்னையில் இயங்கிய மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று மாநில அரசு 1950 மார்ச் 10 அன்று அறிவித்தது. சங்கத்தின் செயலாளரான வழக்கறிஞர் வி.ஜி.ராவ் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் வென்றார். 1952 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றத்திலும் வென்றார். அந்தத் தீர்ப்பின் சாரம் எளிமையானது. அரசின் முடிவுக்கான காரணங்களை நீதிமன்றம் விசாரித்துப் பார்க்க வழியில்லை. பாதிக்கப்பட்டவருக்கு முறையாகத் தெரிவிக்கவும் வழியில்லை, அரசிதழில் வெளியிட்டால் போதும் என்கிறது சட்டம். இத்தகைய கட்டுப்பாடு நியாயமான கட்டுப்பாடு ஆகாது. ‘நியாயமான கட்டுப்பாடு’ என்றால் என்ன என்று எந்த நீதிமன்றத்தில் வாதம் நடந்தாலும் இன்றுவரை வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகின்றனர்.

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய வழக்குகளை இங்கே நினைவுபடுத்தக் காரணம் உண்டு. அன்றைய தடையாணை அரசிதழில் அச்சாகியிருந்தது. யார் தடுத்தார், எந்தச் சட்டத்தின் கீழ் தடுத்தார், எந்த நாளில் தடுத்தார் என்பது தாப்பருக்கும் தெரியும், அவருடைய வாசகருக்கும் தெரியும். எனவேதான் எதிர்த்து வழக்காட முடிந்தது. இன்று சமூக ஊடகங்களில் ஒரு பதிவு மறையும்போது, அதை எழுதியவர் கையில் அப்படியொரு காகிதம் பெரும்பாலும் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைக் கட்சித் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். முதலாவது 66ஏ. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில், 2008 டிசம்பரில், போதிய விவாதமின்றி நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தின் வழியாக வந்தது இது. ‘எரிச்சலூட்டும்’, ‘அசௌகரியம் விளைவிக்கும்’ செய்தியை அனுப்பினால் மூன்றாண்டுச் சிறை என்றது. 2012 ஏப்ரலில் மேற்கு வங்க முதல்வரைக் கிண்டல் செய்த கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். அந்த வழக்கிலிருந்து அவர் முற்றாக விடுபட 2023 ஜனவரி வரை ஆயிற்று. 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்டுப் பேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு ‘லைக்’ போட்ட அவருடைய தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதாயினர். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் 66ஏ பிரிவை முழுமையாக நீக்கியது. அதன் பிறகும் பல மாநிலக் காவல்நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிவந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் மீண்டும் உச்சநீதிமன்றத்தை நாடி, இனி எவர் மீதும் இப்பிரிவில் வழக்குத் தொடரக் கூடாது என்ற ஆணையை 2022 அக்டோபரில் பெற வேண்டியதாயிற்று. செத்த பிரிவு ஏழாண்டுகள் நடமாடியது.

இரண்டாவது 69ஏ. இணையத்தில் உள்ள எதையும் பொதுமக்கள் பார்க்கவொண்ணாதபடி முடக்க ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு இது வழங்குகிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டுதல் ஆகியவையே அதற்கான காரணங்கள். அவதூறு இதில் இல்லை. நீதிமன்ற அவமதிப்பு இல்லை. பொய்ச்செய்தி என்பதும் இல்லை. ஆளுங்கட்சித் தலைவரின் மனம் புண்படுவது நிச்சயமாக இல்லை. ஆணைக்குக் கீழ்ப்படியாத நிறுவனத்தினருக்கு ஏழாண்டுகள் வரை சிறை.

இந்தப் பிரிவை ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு நீக்கவில்லை. காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பதிவிட்டவரை அடையாளம் காண முடிந்தால் அவரிடமும் விளக்கம் கேட்க வேண்டும், ஆணையை எதிர்த்து ரிட் மனு போடலாம் என்ற பாதுகாப்புகள் 2009ஆம் ஆண்டு விதிகளில் இருப்பதை நம்பியே நீதிமன்றம் அதை விட்டுவைத்தது. நடைமுறையில் என்ன ஆயிற்று? அந்த விதிகளிலேயே 8ஆவது விதி, ‘நபர் அல்லது இடைநிலை நிறுவனம்’ ஒருவருக்கு அறிவிப்பு அனுப்பினால் போதும் என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. ‘அல்லது’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, எழுதியவரை விட்டுவிட்டு நிறுவனத்துக்கு மட்டும் அறிவிப்பு அனுப்புகிறது அரசு. 16ஆவது விதி, கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. 9ஆவது விதி, அவசரம் என்று சொல்லி விசாரணைக்கு முன்பே முடக்க வழிசெய்கிறது. இந்த மூன்று விதிகளையும் சேர்த்துப் படித்தால், நீதிமன்றம் நம்பிய பாதுகாப்பில் மிச்சமென்ன?

நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதில்களின்படி, இப்பிரிவின் கீழ் முடக்கப்பட்ட இணைய முகவரிகளின் எண்ணிக்கை 2014இல் 471. 2018இல் 2,799. 2020இல் 9,849. இவற்றில் எத்தனை மெய்யாகவே நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்தவை என்பதைச் சரிபார்க்க எவராலும் இயலாது. ஆணைகள் வெளியிடப்படுவதில்லை.

மூன்றாவது பிரிவைப் பற்றிச் சற்றுப் பின்னர் பார்ப்போம். அதற்குமுன் தமிழ் வாசகர்கள் நேரடியாகக் கண்ட ஒரு நிகழ்வு.

விகடன் முடக்கம்

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று, நாடு கடத்தப்பட்ட இந்தியர்களைக் கைவிலங்கும் கால்விலங்குமாக அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது.  இதை விமர்சித்து, டிரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்கிடப்பட்டு அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரத்தை விகடன் குழுமத்தின் இணைய இதழான ‘விகடன் பிளஸ்’ பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. பாஜகவின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் அளித்தார். பிப்ரவரி 15 மாலையில் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அந்நேரத்தில் விகடனுக்கே அறிவிப்பு இல்லை. முடக்கக் கோரிக்கை வந்திருக்கிறது, துறைகளுக்கிடையேயான குழுவின் முன் விளக்கமளிக்கலாம் என்ற கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. தண்டனை முதலில், விசாரணை பின்னர்.

ஒரு கேலிச்சித்திரத்துக்காக, பல்லாயிரம் கட்டுரைகள் கொண்ட ஓர் இணையதளம் முழுவதும் மூடப்பட்டது. மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணை வழங்கியது: அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, தளத்தைத் திறந்துவிட வேண்டும். தளம் திறந்தது நல்லது. ஆனால் அந்தச் சித்திரம் குற்றமானது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காத நிலையிலேயே அதை எடுக்க வேண்டியதாயிற்று. அரசு நாடியது ஏறத்தாழ நிறைவேறிவிட்டது.

இதே விகடன் 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டப்பேரவையின் கோபத்துக்கு ஆளாகி, ஆசிரியர் பாலசுப்பிரமணியன் சிறைக்கு அனுப்பப்பட்டார். அது எதேச்சதிகாரம்தான். ஆனால் யார் தண்டித்தது, எந்தத் தீர்மானத்தால் தண்டித்தது என்பது மறுநாள் காலை டீக்கடையில் பத்திரிகை படித்தவருக்கெல்லாம் தெரிந்திருந்தது. நாடெங்கும் பத்திரிகையாளர்கள் கண்டித்தனர். 1975 அவசரநிலையின்போது தலையங்கத்தை வெற்றிடமாக விட்டு அச்சிட்ட நாளேடுகள் உண்டு. வெள்ளையாகக் கிடந்த அந்தப் பத்தியே வாசகருக்குச் செய்தி சொல்லிற்று. இணையத்தில் முடக்கப்பட்ட பதிவு வெற்றிடத்தைக்கூட விட்டுச்செல்வதில்லை. அதன் இடத்தில் உடனே வேறொரு பதிவு வந்து அமர்ந்துகொள்கிறது.

விவசாயிகள் போராட்டம் முதல் ‘சஹ்யோக்’ வரை

வேளாண் சட்டங்களுக்கு எதிரான மாபெரும் போராட்டத்தின்போது, 2021 பிப்ரவரி 1 அன்று, சுமார் 250 ட்விட்டர் கணக்குகளும் பதிவுகளும் ஒன்றிய அரசின் ஆணையால் முடக்கப்பட்டன. விவசாய சங்கங்களின் செய்தியை எடுத்துச்சென்ற ‘கிசான் ஏக்தா மோர்ச்சா’, ‘கேரவன்’ மாத இதழ், மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் முகமது சலீம் ஆகியோரின் கணக்குகளும் அவற்றுள் அடக்கம். எதிர்ப்பு எழுந்ததும் ட்விட்டர் சில மணி நேரத்தில் அவற்றைத் திறந்துவிட்டது. சிறைத்தண்டனை நினைவூட்டப்பட்டது. மேலும் 1,178 கணக்குகளின் பட்டியல் வந்தது. இறுதியில் நிறுவனம் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஏப்ரலில், ஆக்சிஜன் கிடைக்காமல் மக்கள் மடிந்துகொண்டிருந்த நாட்களில், அரசின் கொரோனா நிர்வாகத்தை விமர்சித்த ஏறத்தாழ 50 பதிவுகள் நீக்கப்பட்டன. 2023 ஜனவரியில் குஜராத் படுகொலை குறித்த பிபிசி ஆவணப்படத்தின் இணைப்புகள் அவசர அதிகாரத்தின் கீழ் முடக்கப்பட்டபோது, இந்திய மாணவர் சங்கமும் வாலிபர் சங்கமும் அப்படத்தைக் கல்லூரி வளாகங்களிலும் தெருமுனைகளிலும் திரையிட்டதைத் தோழர்கள் அறிவர். 2025 மே மாதத்தில், ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க ஆணை வந்ததாக எக்ஸ் நிறுவனமே அறிவித்தது. ‘தி வயர்’ இணையதளமும் அப்போது முடக்கப்பட்டது.

2021 பிப்ரவரி முதல் 2022 பிப்ரவரி வரையான ஆணைகளில் 39 இணைய முகவரிகள் குறித்து ட்விட்டர் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றத் தனி நீதிபதி 2023 ஜூன் 30 அன்று தள்ளுபடி செய்து, 50 இலட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார்.

இப்போது மூன்றாவது பிரிவுக்கு வரலாம். அது 79. பிறர் எழுதியதற்காகப் பேஸ்புக், எக்ஸ், யூடியூப் போன்ற இடைநிலை நிறுவனங்கள் வழக்கைச் சந்திக்க வேண்டியதில்லை என்ற பாதுகாப்பை இப்பிரிவு தருகிறது. அதன் 79(3)(பி) உட்பிரிவு, சட்டவிரோதமான பதிவு குறித்து அரசு தெரிவித்தும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்கிறது. இது முடக்க அதிகாரம் வழங்கும் பிரிவன்று. பாதுகாப்பு எப்போது இல்லாமற்போகும் என்று சொல்லும் பிரிவு. ஆனால் 2023 அக்டோபர் 31 அன்று மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அனுப்பிய குறிப்பாணை, ஒன்றிய அமைச்சகங்களும் மாநில அரசுகளும் காவல்துறையும் இப்பிரிவின் கீழ் நேரடியாக நீக்க அறிவிப்பு அனுப்ப வழிவகுத்தது. 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சகம் இதற்காகவே ‘சஹ்யோக்’ என்ற இணைய வாசலை அமைத்தது. பெயரின் பொருள் ‘ஒத்துழைப்பு’. 69ஏ பிரிவில் எஞ்சியிருந்த குழு, எழுத்துப்பூர்வமான காரணம், மறுஆய்வு ஆகிய சொற்ப பாதுகாப்புகள்கூட இந்தப் பாதையில் தேவைப்படவில்லை. ஒருபுறம் பூட்டியிருக்கும் கதவுக்குப் பக்கத்திலேயே சுவரை இடித்து வழி அமைத்ததற்கு ஒப்பானது இது.

அந்த வழியே என்ன போயிற்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025 பிப்ரவரி 15 இரவு புதுதில்லி இரயில் நிலையத்தில் நெரிசலில் 18 பேர் இறந்தனர். கும்பமேளாவுக்குச் செல்ல வந்த ஏழை எளிய மக்கள். இரண்டு நாட்களுக்குள், அந்தச் சம்பவத்தின் காணொளிகள் கொண்ட 285 இணைப்புகளை 36 மணி நேரத்தில் நீக்குமாறு எக்ஸ் நிறுவனத்துக்கு இரயில்வே அமைச்சகம் அறிவிப்பு அனுப்பியது. நெரிசலுக்குப் பொறுப்பேற்க வேண்டிய அமைச்சகமே, நெரிசலின் சாட்சியத்தை எது வைத்துக்கொள்ளலாம், எதை நீக்கலாம் என்று முடிவு செய்கிறது. இறந்தோரின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதைத் தீர்மானிக்கும் நாற்காலியில் குற்றஞ்சாட்டப்பட்டவரே அமரலாமா?

எக்ஸ் நிறுவனம் ‘சஹ்யோக்’ ஏற்பாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கையும் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. அயல்நாட்டு நிறுவனம் 19ஆவது பிரிவின் உரிமையைக் கோர முடியாது என்பது அத்தீர்ப்பின் முக்கியமான கூறு. சட்டத்தின் எழுத்துப்படி 19ஆவது பிரிவு குடிமக்களுக்கானதுதான். ஆனால் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமை இருப்பது பதிவிட்ட குடிமகனுக்கு. ஆணை போய்ச் சேர்வது நிறுவனத்துக்கு. ஆணையைப் பெற்றவருக்கு வழக்காட உரிமை இல்லை, உரிமை உள்ளவர் கையில் ஆணை இல்லை. வி.ஜி.ராவ் வழக்கில் எந்த முறை நியாயமற்றது என்று கூறப்பட்டதோ, அதைவிட மோசமான முறை இது. அன்று அரசிதழாவது இருந்தது.

தீர்ப்புக்குப் பின் 2025 அக்டோபரில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தி, இணைச் செயலாளர் நிலைக்கும் காவல்துறையில் டிஐஜி நிலைக்கும் குறையாத அதிகாரிகளே இனி இத்தகைய அறிவிப்பை அனுப்ப வேண்டும், காரணம் கூற வேண்டும், மாதந்தோறும் மறுஆய்வு நடக்கும் என்றது. அதுவரை யார் யாரோ அனுப்பிக்கொண்டிருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு ஒப்புதல் வேண்டுவதில்லை. அறிவிப்பை அனுப்புவது நிர்வாகம். மறுஆய்வு செய்வதும் அதே நிர்வாகம். பதிவிட்டவர் அங்கும் இல்லை.

உண்மை எது என்பதையும் அரசே சொல்லிவிடலாம் என்ற முயற்சியும் நடந்தது. 2023 ஏப்ரலில் திருத்தப்பட்ட விதி, ஒன்றிய அரசின் அலுவல் குறித்த எந்தச் செய்தி பொய் என்பதை அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே தீர்மானிக்கும் என்றது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவும் பத்திரிகை ஆசிரியர் அமைப்புகளும் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி 2024 செப்டம்பர் 20 அன்று அந்த விதி செல்லாது என்றார். மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வெளிவந்த சில நாட்களிலேயே, 2024 மார்ச் 20 அன்று, அப்பிரிவை அரசு அவசரமாக அறிவிக்கை செய்தது. மறுநாளே உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தேர்தலுக்கும் உண்மைக்கும் அப்படியென்ன அவசரத் தொடர்பு என்பது அரசுக்கே வெளிச்சம்.

நிறுவனங்கள் யாருடைய பக்கம்?

‘எலான் மஸ்க் நிறுவனத்துக்காக இடதுசாரிகள் ஏன் பரிந்து பேச வேண்டும்?’ என்று தோழர்கள் சிலர் கேட்பது இயல்பு. பரிந்து பேச வேண்டியதில்லை. ட்விட்டரோ பேஸ்புக்கோ கருத்துச் சுதந்திரத்தின் காவலர்கள் அல்லர். விளம்பர வருவாய்க்காக மக்களின் கவனத்தை விற்கும் ஏகபோக நிறுவனங்கள் அவை. எந்தப் பதிவு பத்துப் பேருக்குச் செல்ல வேண்டும், எது பத்து இலட்சம் பேருக்குச் செல்ல வேண்டும் என்பதை அவற்றின் அல்காரிதம் முடிவு செய்கிறது. அது எப்படி இயங்குகிறது என்பதை எந்த நாடாளுமன்றமும் அறியாது.

தெலங்கானா பாஜக சட்டமன்ற உறுப்பினர் ராஜா சிங்கின் வெறுப்புப் பேச்சுகள் மீது நடவடிக்கை எடுத்தால் இந்தியாவில் தொழிலுக்குப் பாதகம் என்று கூறி, பேஸ்புக்கின் இந்தியப் பொதுக்கொள்கைத் தலைவர் தடுத்தார் என்ற செய்தியை 2020 ஆகஸ்டில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் பேஸ்புக் நிறுவனம் 43,574 கோடி ரூபாயை அம்பானியின் ஜியோ பிளாட்பார்ம்ஸில் முதலீடு செய்து 9.99 சதவீதப் பங்குகளை வாங்கியிருந்தது. ஜூலையில் கூகுள் 33,737 கோடி ரூபாய் போட்டது. ‘சஹ்யோக்’கை எதிர்த்து நீதிமன்றம் சென்ற எக்ஸ் நிறுவனத்தின் உரிமையாளருடைய ஸ்டார்லிங்க், அதே 2025 ஆம் ஆண்டில் இந்தியாவில் செயற்கைக்கோள் இணையச் சேவைக்கான உரிமத்தைப் பெற்றது, ஏர்டெல், ஜியோ இரண்டுடனும் மார்ச் மாதத்தில் உடன்பாடு செய்துகொண்டது. வழக்கு ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். இப்படிப்பட்ட நிறுவனங்கள் எதுவரை எதிர்த்து நிற்கும் என்பதை அவற்றின் வரவு செலவுக் கணக்கே தீர்மானிக்கும். 2024 பிப்ரவரியில் மீண்டும் விவசாயிகள் தில்லி நோக்கிப் புறப்பட்டபோது, அரசின் ஆணையை ஏற்கவில்லை என்று எக்ஸ் அறிக்கை விட்டது. கணக்குகளை முடக்கவும் செய்தது.

மறுபுறம், ஆளுங்கட்சிக்குப் பாதகமாக நிறுவனம் ஏதேனும் செய்தால் அரசின் கை எப்படி நீளுகிறது என்பதையும் பார்க்கலாம். 2021 மே மாதத்தில், பாஜக செய்தித் தொடர்பாளர் ஒருவரின் பதிவுக்கு ‘திரிக்கப்பட்டது’ என்று ட்விட்டர் முத்திரை குத்தியது. முத்திரையை எடுக்கச் சொன்னது அரசு. தில்லி காவல்துறையின் சிறப்புப் பிரிவினர் நிறுவனத்தின் அலுவலகங்களுக்கே சென்றனர். ஆக, அரசு விரும்பாததை நீக்க வேண்டும். ஆளுங்கட்சி விரும்புவதைத் தொடவும் கூடாது. ஒழுங்குமுறை என்ற பெயரில் நடப்பது இதுதான். இதில் எது நிறுவனத்தின் முடிவு, எது அரசின் அழுத்தம் என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன; இருவருக்குமே அந்தக் குழப்பம் வசதியானது.

வெறுப்புப் பேச்சை என்ன செய்வது?

இது கடினமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. சிறுபான்மையினருக்கும் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் எதிராக ஒவ்வொரு நாளும் நஞ்சு பரப்பப்படுகிறது. வாட்ஸ்அப் வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட நாடு இது. அத்தகைய பதிவுகள் நீக்கப்பட வேண்டும் என்று இடதுசாரிகள் கோரிவருகின்றனர், கோருவது சரியே. அப்படியானால் அரசுக்கு அதிகாரம் வேண்டாமா?

மணிப்பூரின் அனுபவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. 2023 மே 4 அன்று இரண்டு குக்கி இனப் பெண்கள் இழைக்கப்பட்ட கொடூரத்தின் காணொளி ஜூலை 19 அன்றுதான் வெளியுலகுக்கு வந்தது. இடைப்பட்ட இரண்டரை மாதங்கள் அம்மாநிலத்தில் இணையம் துண்டிக்கப்பட்டிருந்தது. காணொளி பரவிய பின்னரே பிரதமர் மணிப்பூர் குறித்து வாய் திறந்தார். அதன் பின் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அரசு அனுப்பிய உத்தரவு, காணொளியை நீக்குங்கள் என்பது. பாதிக்கப்பட்ட பெண்களின் கண்ணியம் கருதி அந்தக் காணொளி பரவாமல் தடுக்கப்பட வேண்டியது அவசியமே. ஆனால் காவல்நிலையத்தில் மே மாதமே பதிவான புகாரின் மீது அதுவரை அரசு என்ன செய்தது? நீக்கும் அதிகாரம் மின்னல் வேகத்தில் இயங்கியது. குற்றவாளிகளைப் பிடிக்கும் அதிகாரம் இரண்டரை மாதம் உறங்கியது.

வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கப் போதுமான பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் உண்டு. அவற்றின் கீழ் வழக்குப் பதிவு செய்து, நீதிமன்றத்தில் நிறுத்தினால், பேசியவருக்கும் வாதாட வாய்ப்புண்டு, பாதிக்கப்பட்ட சமூகத்துக்கும் நியாயம் கிட்டும். அதைச் செய்யாமல், இரகசிய முடக்க அதிகாரத்தை வெறுப்பின் பெயரால் பெற்று விமர்சனத்தின் மேல் பயன்படுத்துவதே இன்றைய நடைமுறை. எனவே கட்சியின் வாதம், எதையுமே நீக்கக் கூடாது என்பதன்று. எந்தச் சட்டப்படி நீக்கப்படுகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பதிவிட்டவருக்கு அது தரப்பட வேண்டும். சுதந்திரமான ஓர் அமைப்போ நீதிமன்றமோ அதைப் பரிசீலிக்க வேண்டும். வி.ஜி.ராவ் கேட்டது இவ்வளவுதான்.

இதில் கட்சி வேறுபாடும் பார்க்க முடியாது. 66ஏ காங்கிரஸ் ஆட்சியில் வந்தது. 2011ஆம் ஆண்டு இடைநிலை நிறுவன விதிகளை நீக்கக் கோரி 2012 மே மாதத்தில் மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர் பி.ராஜீவ். அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பாஜகவின் அருண் ஜேட்லி அவ்விதிகளைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார்! இரண்டே ஆண்டுகளில் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. விதிகள் மேலும் இறுகின. கர்நாடகத்தில் காங்கிரஸ் அரசு 2025இல் தயாரித்த பொய்ச்செய்தித் தடுப்பு மசோதா வரைவில் ஏழாண்டுச் சிறை இடம்பெற்றது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 நவம்பரில், இணையவழி அவதூறுகளிலிருந்து பெண்களைக் காக்கும் நோக்குடன் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. அதன் சொற்கள் மிக விரிவானவை, தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற விமர்சனம் இடதுசாரிகளிடமிருந்தும் வெளியிலிருந்தும் எழுந்தது. ஓரிரு நாட்களிலேயே அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று முதல்வர் அறிவித்தார். பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதாக இருந்தாலும், காவல் ஆய்வாளர் கைக்குப் போகும் சொல் எப்படிப் பயன்படும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பதைப் பிற மாநில அரசுகளும் அந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உடனடிப் பணிகள்

69ஏ விதிகளின் இரகசியத்தையும், பதிவிட்டவருக்கு அறிவிப்புத் தராத முறையையும் எதிர்க்கும் மனு உச்சநீதிமன்றத்தில் உள்ளது. அடையாளம் காணக்கூடிய நபராக இருந்தால் அவருக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்று 2025 மார்ச் மாதம் நீதிபதிகள் முதல்நோக்கில் கருத்துத் தெரிவித்துள்ளனர். இந்த வழக்கு வெற்றிபெற ஆதாரங்கள் தேவை. அந்த ஆதாரங்கள் களத்தில்தான் கிடைக்கும்.

தொழிற்சங்கம், விவசாய சங்கம், மாதர் சங்கம், மாணவர் சங்கம் எதுவாயினும், அமைப்பின் கணக்கோ தோழர் ஒருவரின் பதிவோ முடக்கப்பட்டால், நிறுவனத்திடமிருந்து வரும் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பதிவின் படத்தையும் நாள், நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பிரிவின் கீழ், எந்தத் துறையின் கோரிக்கையில் என்று நிறுவனத்திடமும் அமைச்சகத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்ய வேண்டும். இரகசியம் என்று பதில் வந்தால் அந்தப் பதிலும் நீதிமன்றத்தில் ஓர் ஆவணம். மாவட்டக் குழுக்கள் இவற்றைத் தொகுத்து, கட்சியின் வழக்கறிஞர் தோழர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். இதுவரை இவ்வகை முடக்கங்கள் பலவும் ‘நெட்வொர்க் பிரச்சனை’ என்று கருதப்பட்டு விடப்பட்டிருக்கின்றன.

சரிபார்க்காத செய்தியைக் கட்சிக் குழுக்களில் பகிர்வதும் நிறுத்தப்பட வேண்டும். எதிரிக்கு அது வலிய அளிக்கும் சாக்கு. கூடவே, அல்காரிதத்தை நம்பி இயக்கம் நடத்த முடியாது என்பதையும் உணர வேண்டும். வார இதழின் சந்தாவை வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கை ஈடு செய்யாது. 1950இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ தடைசெய்யப்பட்டபோது, அந்தத் தடையை உணர்வதற்கு அதை வழக்கமாகக் கையில் வாங்கிப் படிக்கும் வாசகர்கள் இருந்தனர். கிளைகள் இம்மாதக் கூட்டத்திலேயே சந்தாப் பட்டியலையும் முடக்கப்பட்ட பதிவுகளின் பட்டியலையும் சேர்த்தே பரிசீலித்து மாவட்டக் குழுவுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.